வழிமரத்தின் வடிவும் தற்செயலின் பங்கும்

1. முன்னுரை

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது, கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது எனத் துணிதலாகும். ஒரே பிழை இரண்டு ஏடுகளிற் காணப்படின், அவ்விரண்டும் அப்பிழையை உடைய ஒரு தாயேட்டிலிருந்து தோன்றியவை எனக் கொள்வர். இவ்வாறு பிழைகளின் உடன்பாட்டைக் கொண்டு ஏடுகளைக் குடும்பங்களாக வகுத்து, அக்குடும்பங்களை மேன்மேலும் இணைத்துச் சென்றால், தலைகீழாக நிற்கும் மரம் போன்றதொரு வடிவம் கிடைக்கும். அதனை ஈண்டு வழிமரம் என்று குறிப்போம். இம்முறை செருமானிய அறிஞர் லாக்மன் பெயரால் வழங்குகின்றது. உயிரினங்களின் தோற்ற வளர்ச்சியை ஆராய்வாரும், மொழிக்குடும்பங்களின் பிரிவை ஆராய்வாரும் வரையும் மரங்களும் இதனோடு ஒத்த இயல்பினவே. எங்கெல்லாம் ஒன்று இரண்டாகிப் பல்கி, இடையில் சில அழிந்து, சில எஞ்சுகின்றனவோ, அங்கெல்லாம் வழிமரம் உண்டு.

மரத்தை வரைந்து முடித்தபின் அதன் வடிவுக்குக் காரணம் கூறுதல் ஆராய்ச்சியாளர் பழக்கம். ஒரு கிளையில் ஏடுகள் மிகுதியாகவும் மற்றொரு கிளையில் குறைவாகவும் இருப்பின், ‘மிகுதியான கிளையின் பாடம் கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது’ என்போம். ‘மடங்களின் ஆதரவு பெற்றது’ என்போம். நாமும் முதுகலை வகுப்புகளில் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்துள்ளோம். ஆயின், காரணம் எதுவுமின்றித் தற்செயலாகவே வளர்ந்த மரம் எவ்வடிவில் இருக்கும் என்பதை அறியாமல், நம்முன் உள்ள மரத்தின் வடிவு வியப்புக்குரியது என்று எவ்வாறு கூற இயலும்? இவ்வினாவை மூலபாட ஆராய்ச்சியாளர் போதிய அளவு எழுப்பவில்லை என்பது நம் கருத்து. உயிரியல் மரங்களின் வடிவைப் பற்றிப் புள்ளியியலார் கண்ட உண்மைகள் இதற்குப் பெருந்துணை புரிகின்றன. அவற்றைக் கொண்டு, மூலபாட ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வழக்கொன்றை மீண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெதியேயின் ஐயம்

பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெதியே, பழைய பிரெஞ்சுக் கதைப்பாட்டு ஒன்றை 1890-இல் லாக்மன் முறைப்படி பதிப்பித்தார். அவர் வரைந்த வழிமரம் இருகிளை மரமாக இருந்தது. அவர்தம் ஆசிரியராகிய காஸ்தோன் பாரி அதனை ஏற்கவில்லை. முக்கிளை மரமே பொருந்தும் என்றார். ஒரே சான்றுகள் இருவேறு மரங்களுக்கு இடந்தருதல் பெதியேயின் உள்ளத்தை உறுத்தியது. பின்னர் 1928-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், பிறர் பதிப்புகளில் உள்ள 110 வழிமரங்களை ஆராய்ந்து, அவற்றுள் 105 மரங்கள் வேரிலேயே இரண்டாகப் பிரிவதைக் காட்டினார்.

இக்கணக்கின் பொருளை உணர, இருகிளை மரத்தின் பயனை நோக்குதல் வேண்டும். மூன்று கிளைகள் இருப்பின், இரண்டு ஒத்து ஒன்று மாறுபடும் இடத்து, ஒத்த பாடமே மூலபாடம் எனப் பெரும்பாலும் துணியலாம். பதிப்பாசிரியர் விருப்பத்திற்கு ஆங்கு இடமில்லை. இரண்டே கிளைகள் இருந்து அவை தம்முள் மாறுபடுமாயின், இதுவா அதுவா என முடிவு செய்யும் உரிமை பதிப்பாசிரியரைச் சாரும். அவ்வுரிமையின்மேல் உள்ள ஆசையே அவரை அறியாமல் இருகிளை மரம் நோக்கி ஈர்க்கின்றது என்பது பெதியேயின் ஐயம். 105 அறிஞர் பொய்யுரைத்தனர் என்று அவர் கூறவில்லை. தம் மனத்தின் சாய்வைத் தாமே அறியாமல் இருந்தனர் என்றார். விளைவு யாதெனில், அவர் வழிமர முறையையே கைவிட்டு, நல்லதோர் ஏட்டைத் தேர்ந்து அதனை இயன்றவரை மாற்றாமல் பதிப்பித்தலே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு விகிதம் ஒரு முறையின் தலைவிதியையே மாற்றிற்று. அவ்விகிதம் அத்துணைப் பாரம் தாங்குமா என்பதே நம் வினா.

3. மாஸின் விடையும் அதன் குறையும்

பால் மாஸ் என்னும் செருமானிய அறிஞர் 1937-இல் இதற்கு ஒரு விடை கூறினார். மூன்று ஏடுகள் மட்டும் எஞ்சியுள்ளன எனக் கொள்வோம். அவை எத்தனை வகையில் உறவு கொண்டிருத்தல் கூடும்? எஞ்சிய ஏடுகளுள் ஒன்றே மற்ற இரண்டுக்கும் மூலமாக இருக்கும் வகைகள் 12. மூலம் அழிந்து, அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்த வகைகள் 9. அழிந்த மூலத்திலிருந்து மூன்று கிளைகள் நேரே பிரிந்த வகை ஒன்றே. ஆகத் தொகை 22. இருபத்திரண்டில் ஒன்றே முக்கிளை மரம். எனவே, முக்கிளை மரம் அரிதாதல் இயல்பே. அதற்குப் பதிப்பாசிரியர் மனத்தைக் குறைகூற வேண்டுவதில்லை என்பது இவ்விடையின் சாரம்.

எண்ணிக்கை சரியானது; யாரும் எழுதிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஆயின், எண்ணிக்கையிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில் ஒரு குறை உளது. வகைகள் 22 என்பதனால் ஒவ்வொரு வகையும் ஒரே அளவு நிகழ்தகவு உடையது என்றாகாது. ஒரு நல்ல மூலஏட்டைப் பலரும் நாடிவந்து படியெடுத்த காலத்தில் முக்கிளை மரம் எளிதில் தோன்றும். படியிலிருந்து படியாகவே நூல் பரவிய காலத்தில் அது தோன்றாது. வகைகளை எண்ணுதல் வேறு. அவை எவ்வளவு அடிக்கடி நிகழும் என அளத்தல் வேறு. இவ்வேறுபாடு நுண்ணியது, ஆயினும் முடிவையே மாற்ற வல்லது. இதனைத் தெளிவுற விளக்கியவர் உயிரியல் மரங்களை ஆராய்ந்த புள்ளியியலாரே.

4. எண்ணுதலும் வளர்தலும்

இவ்வாராய்ச்சியின் தோற்றுவாய் இலங்கையோடு தொடர்புடையது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக 1896 முதல் 1912 வரை இருந்த வில்லிஸ், இலங்கைத் தாவரங்களை ஆராய்ந்தபோது, மிகப் பல பேரினங்கள் ஒரோவொரு சிற்றினத்தையே உடையனவாகவும், மிகச் சில பேரினங்களே பல சிற்றினங்களை உடையனவாகவும் இருத்தலைக் கண்டார். அவர் கருத்துகளை 1922-இல் நூலாக வெளியிட்டார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு, 1925-இல் ஆங்கிலப் புள்ளியியலாராகிய உட்னி யூல் ஒரு கணித முறையை அமைத்தார். எல்லா இனங்களும் எக்காலத்தும் ஒரே அளவு வாய்ப்புடன் இரண்டாகப் பிரிகின்றன என்பதே அதன் கருதுகோள். எந்த இனத்துக்கும் தனிச்சிறப்பு இல்லை. இலக்கிய மாணவர் மறத்தற்கரிய செய்தி ஒன்றுண்டு: இதே யூல் தம் முதுமையில், 1944-இல், இலக்கியச் சொல்வளத்தின் புள்ளியியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார், ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ எனத் தமிழில் வழங்கும் இலத்தீன் நூலின் ஆசிரியர் யார் என்னும் சிக்கலைச் சொற்கணக்கால் ஆராய்ந்தார்.

யூலின் முறைக்கும் மாஸின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நான்கு இனங்களைக் கொண்ட சிறு மரத்தால் விளக்கலாம். ஒவ்வொரு கணுவும் இரண்டாகவே பிரியுமாயின், நான்கு இனங்களுக்கு 15 மரங்கள் வரையலாம். அவற்றுள் 3 மரங்களில் இனங்கள் இரண்டும் இரண்டுமாகச் சமமாகப் பிரிந்திருக்கும்; இவற்றைச் சமமரம் எனலாம். எஞ்சிய 12 மரங்களில் ஒன்று பிரிய, மற்றொன்று பிரிய, இறுதியில் இரண்டு எஞ்சும். இவற்றை ஏணிமரம் எனலாம். பதினைந்தும் சம வாய்ப்புடையன என்று கொண்டால், சமமரத்தின் நிகழ்தகவு ஐந்தில் ஒன்று. இது மாஸ் எண்ணிய முறையை ஒத்தது.

இனி, மரத்தை வளரவிட்டு நோக்குவோம். ஓர் இனம் இரண்டாகின்றது. இரண்டில் ஒன்று பிரிந்து மூன்றாகின்றன. இப்போது ஒரு பக்கத்தில் இரண்டும் மறுபக்கத்தில் ஒன்றும் உள்ளன. அடுத்துப் பிரியும் வாய்ப்பு மூன்றுக்கும் ஒன்றே. தனித்து நின்ற ஒன்று பிரிந்தால் மட்டுமே சமமரம் தோன்றும். எனவே, அதன் நிகழ்தகவு மூன்றில் ஒன்று. இலைகள் அவையே, மரங்களும் அவையே, ஆயினும் எண்ணும் முறையில் ஐந்தில் ஒன்று, வளரும் முறையில் மூன்றில் ஒன்று.

இலைகள் பெருகப் பெருக எண்ணும் முறை நம் கைக்கு அடங்காது. பத்து இனங்களுக்கே 3,44,59,425 மரங்கள் உள்ளன. ஆதலின் மரத்தின் வடிவைச் சில அளவைகளாற் குறிப்பர். ஒவ்வொரு கணுவிலும் இருபக்க இலைகளின் தொகை வேறுபாட்டைக் கண்டு அவற்றையெல்லாம் கூட்டுதல் ஓர் அளவை. மேற்கண்ட சமமரத்திற்கு அது 0, ஏணிமரத்திற்கு 3. வேறெதுவும் இடையில் வாராமல் ஒரே கணுவிலிருந்து பிரிந்த இரண்டு இலைகளை எண்ணுதல் மற்றோர் அளவை. அதனை இரட்டைத்தளிர் எனலாம். மெக்கன்சியும் ஸ்டீலும் 2000-இல் காட்டியவாறு, யூல் மரத்தில் இலைத்தொகையின் மூன்றில் ஒரு பங்கு இரட்டைத்தளிர்கள் எதிர்பார்க்கத்தக்கன. எல்லா மரங்களும் சம வாய்ப்புடையன என்ற முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 60 இலைகள் எனின் முன்னதில் 20, பின்னதில் ஏறத்தாழ 15. உண்மை உயிரினங்களுக்கு வரையப்பட்ட மரங்களோ, பெரும்பாலும் யூல் மரத்தினும் சமன் குறைந்தும், சம வாய்ப்பு மரத்தினும் சமன் மிகுந்தும் இடைப்பட்டு நிற்கின்றன. தற்செயல் என்பது ஒரே வகையினதன்று; எத்தகைய தற்செயல் எனக் கூறிய பின்னரே வடிவைப் பற்றிப் பேசலாகும் என்பது இதனாற் பெறப்படும்.

5. அழிவு செய்யும் வேலை

மாஸின் விடை குறையுடையது எனின், பெதியேயின் ஐயம் வென்றதாகுமா? ஆகாது. ஏடுகளின் வாழ்வில் படியெடுத்தல் ஒரு பாதியே, அழிதல் மறுபாதி. மைக்கேல் வைட்ஸ்மன் 1987-இல் ஏடுகளின் வழிமரத்தைப் பிறப்பும் இறப்பும் கொண்ட புள்ளியியல் வளர்ச்சியாகக் கொண்டு ஆராய்ந்தார். அவர்தம் முறையின் நுட்பங்களுட் புகாமலே, கருத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு மூலஏட்டிலிருந்து மூன்று படிகள் எடுக்கப்பட்டன என்போம். ஒவ்வொரு படியின் வழியிலும் ஏடு எஞ்சி நம் கைக்கு வரும் வாய்ப்புப் பத்தில் ஒன்று எனக் கொள்வோம். ஆயிரம் நூல்களுக்கு இவ்வாறு நிகழுமாயின், மூன்று வழிகளும் எஞ்சுவது ஒரு நூலில். இரண்டு மட்டும் எஞ்சுவது 27 நூல்களில். எஞ்சிய 972 நூல்களில் ஒரு வழியே எஞ்சும், அல்லது எதுவும் எஞ்சாது. ஆங்கு அம்மூலஏடு மரத்தின் வேராகத் தோன்றாது. எனவே, வேரில் பிரிவு காணப்படும் 28 நூல்களுள் 27 இருகிளை மரங்களே. இஃது ஏறத்தாழ 96 விழுக்காடு. பெதியே கண்ட 105/110 ஏறத்தாழ 95 விழுக்காடு. இரண்டும் இத்துணை நெருங்கியமை நாம் தேர்ந்த எண்களின் விளைவேயன்றி மெய்ப்பிப்பு ஆகாது. ஐந்து படிகள் எடுக்கப்பட்டிருப்பின் அது 89 விழுக்காடாகும். பத்துப் படிகள் எனின் 73 விழுக்காடாகும். எஞ்சும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாக உயர்ந்தால், ஐந்து படிகளுக்கு 38 விழுக்காடே. ஆயினும் போக்குத் தெளிவு: அழிவு மிகுந்த மரபில் இருகிளை மரம் பெருகும், அதற்குப் பதிப்பாசிரியரின் ஆசை வேண்டுவதில்லை.

இது பெதியேயைப் பொய்ப்பதன்று. பதிப்பாசிரியர் மனத்தில் அத்தகைய சாய்வு இருத்தலும் கூடும். 105 மரங்களுள் சில அதனால் விளைந்திருத்தலும் கூடும். நாம் கூறுவது இவ்வளவே: அவ்விகிதம் ஒன்றே அச்சாய்வுக்குச் சான்றாகாது. குற்றமற்றார் கையிலும் அதே விகிதம் தோன்றுமெனின், அது குற்றத்தைக் காட்டும் சான்று எவ்வாறாகும்? பெதியே ஓர் எண்ணைக் கண்டார். அதனை எதனோடு ஒப்பிடுவது என்று வினவவில்லை. மாஸ் ஒப்பிட முயன்றார். ஒப்பிடத்தகாத எண்ணைக் கொண்டார். இருவர் தவறும் ஒரே இடத்தினின்று தோன்றியன.

தமிழ் ஏடுகளுக்கு இக்கணக்கு மிகவும் பொருந்துவது. பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. கரையானும் ஈரமும் அதன் பகை. மீண்டும் மீண்டும் படியெடுக்கப்படாத நூல் மறையும். ஏடுகள் ஆற்றில் விடப்பட்டும் தீயில் இடப்பட்டும் ஒழிந்த செய்திகளை உ. வே. சாமிநாதையர் தம் எழுத்துகளிற் பதிவு செய்துள்ளார். எஞ்சும் வாய்ப்பு இத்துணைச் சிறிதாயின், சங்க நூல் ஏடுகள் இரு பெரும் பிரிவாகத் தோன்றுதல் எதிர்பார்க்கத்தக்கதே. அதனைக் கொண்டு ‘ஆதியில் இரண்டே மரபுகள் இருந்தன’ என்று வரலாறு எழுதுதல் கூடாது. இருந்தவை பல, எஞ்சியவை இரண்டு.

6. பெருங்கிளையும் சிறுகிளையும்

இனி, முன்னுரையிற் கூறிய நம் பழக்கத்துக்கு வருவோம். ஒரு நூலுக்கு 20 ஏடுகள் கிடைத்து, அவற்றுள் 17 ஒரு கிளையிலும் 3 மற்றொரு கிளையிலும் அமைந்தன என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் தேட வேண்டுமா?

உயிரினமும் ஏடும் ஒன்றல்ல என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிரிந்த இனம் மீண்டும் தாயாவதில்லை. ஏடோ, ஒருமுறை படியெடுக்கப்பட்ட பின்னும் தானாகவே நின்று, மீண்டும் மீண்டும் தாயாகும். ஆதலின் யூல் மரத்தை அப்படியே கொணர்தல் பொருந்தாது. ஆயினும் பின்வரும் செய்தி இரண்டற்கும் பொதுவானது. ஒரு மூலஏடும் அதன் முதற்படியும் உள்ளன. இனி எழுதப்படும் ஒவ்வொரு படியும் அதுவரை உள்ள ஏடுகளுள் ஏதேனும் ஒன்றைச் சம வாய்ப்புடன் பார்த்து எழுதப்படுகின்றது. மூன்றாம் ஏடு இருபக்கத்துள் எப்பக்கமும் சேரலாம். நான்காம் ஏடு எழுதப்பட்டபின், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், ஒன்றும் மூன்றும் என்னும் மூன்று நிலைகளும் சரியாக மூன்றில் ஒரு வாய்ப்பு உடையன. இவ்வாறே தொடர்ந்து 20 ஏடுகள் ஆகும்போது, முதற்படியின் குடும்பத்தில் 1 முதல் 19 வரை எத்தனை ஏடுகள் இருப்பினும், ஒவ்வொன்றின் வாய்ப்பும் பத்தொன்பதில் ஒன்றே. பத்தும் பத்துமாகச் சமன்பெறுதலும், பதினேழும் மூன்றுமாகச் சாய்தலும், பத்தொன்பதும் ஒன்றுமாகச் சாய்தலும் ஒரே அளவு இயல்பானவை.

இதனை முதன்முறை கேட்பார் ஐயுறுவர், நாமும் ஐயுற்றோம். சம வாய்ப்பு என்றால் சமமான பிரிவு தோன்றும் என்று மனம் எண்ணுகின்றது. காசைப் பலமுறை சுண்டினால் தலையும் பூவும் ஏறத்தாழச் சமமாகும் என்பது அதன் பழக்கம். ஆயின் ஏடு காசு அன்று. முன்னர்ப் பெருகிய பக்கத்தில் பார்த்தெழுத ஏடுகள் மிகுதி. ஆதலின் அப்பக்கமே மேலும் பெருகும் வாய்ப்புடையது. தொடக்கத்தில் நேர்ந்த சிறு தற்செயல், தகுதி எதுவுமின்றியே பெருவேறுபாடாக வளர்கின்றது. கணக்கின்படி, ஏதேனும் ஒரு பக்கத்தில் மூன்றோ அதனினும் குறைவோ ஆன ஏடுகள் இருக்கும் வாய்ப்பு பத்தொன்பதில் ஆறு. அஃதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மூன்று நூல்களில் ஒன்றற்கு, எக்காரணமும் இன்றி நிகழ்வதற்கு மடத்தின் ஆதரவையும் உரையாசிரியரின் செல்வாக்கையும் காரணமாகக் காட்டுதல் எவ்வாறு பொருந்தும்? பதினேழு ஏடுகள் ஒத்தன என்பதனால் அவற்றின் பாடம் உயர்ந்ததாகவும் மாட்டாது. அவை ஒரே வாயின் பதினேழு எதிரொலிகள்.

மொழிக்குடும்ப ஆராய்ச்சிக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். வடதிராவிடப் பிரிவில் குருக், மால்தோ, பிராகூயி என்னும் மூன்று மொழிகளையே அடக்குவர்; ஏனைப் பிரிவுகளில் மொழிகள் மிகுதி. இம்மொழிகளின் வரலாற்றுக்குத் தனிச்சான்றுகள் உண்டாயின் அவற்றை ஆராய்க. ஆயின், ‘மூன்றே எஞ்சின’ என்னும் தொகை மட்டும் பேரிடர் ஒன்று நேர்ந்ததற்குச் சான்றாகாது.

7. வரம்புகள்

தற்செயலே எல்லாவற்றையும் விளக்கும் என்பது நம் கொள்கையன்று. உயிரியல் மரங்கள் யூல் மரத்தினும் சமன் குறைந்து நிற்றல், எல்லா இனங்களும் ஒத்த வாய்ப்புடையன என்னும் கருதுகோள் முழுதும் உண்மையன்று என்பதைக் காட்டுகின்றது. தற்செயல் மரம் அளவுகோல், அளக்கப்படும் பொருளன்று. அதனின் விலகிய அளவே விளக்கம் வேண்டுவது. விலகல் பெரிதாயின் காரணம் தேடுக; இல்லையேல் அமைக.

மற்றொரு வரம்பும் உண்டு. தமிழ் ஏடெழுதுவோர் பலர் கற்றோர். ஓர் ஏட்டைப் பார்த்து எழுதுகையில் மற்றோர் ஏட்டின் பாடத்தையும் கொண்டனர். நினைவிலிருந்த பாடலைக் கொண்டும் திருத்தினர். அவ்வாறு கலந்த மரபில் கிளைகள் மீண்டும் பின்னிப் பிணையும். அது மரமாகாது, வலையாகும். சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த காலத்தில், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டும் வழக்கம் இருந்ததேயன்றி, வழிமரம் வரையும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் இல்லை. அதனைக் குறை என்பார் உளர். கலப்பு மிகுந்த மரபில் பொய்யான மரம் வரைதலினும், வேறுபாடுகளை உள்ளவாறு காட்டுதல் நேர்மையானது என்று நாம் கருதுகின்றோம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வழிமரங்களின் வகைகளை எண்ணுதல் அவற்றின் நிகழ்தகவை அறிதல் ஆகாது. அழிவு மிகுந்த மரபில் இருகிளை மரமே இயல்பு. அதனை ஆதிவரலாறாகவோ பதிப்பாசிரியரின் குற்றமாகவோ கொள்ளுதற்கு வேறு சான்று வேண்டும். கிளைகளின் ஏற்றத்தாழ்வு சிறப்புக்கோ செல்வாக்குக்கோ தானே சான்றாகாது.

ஏடுகளை ஒப்புநோக்கும் மாணவர், மரத்தை வரைந்து முடித்ததும் உடனே அதன் கதையை எழுதத் தொடங்காமல், ‘யாரும் எதையும் விரும்பாதிருந்தாலும் இம்மரம் இவ்வாறே வளர்ந்திருக்குமா?’ என்று ஒருமுறை வினவுவாராக. அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்பது விடையாயின், மூன்று ஏடுகளைக் கொண்ட சிறுகிளையும் பதினேழு ஏடுகளைக் கொண்ட பெருங்கிளையும் மூலபாடத்தின்முன் ஒத்த உரிமையுடையன. நம் பதிப்புகளில் ‘பெரும்பான்மை ஏடுகளின் பாடம்’ என்னும் ஒரே காரணத்தால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்ட பாடங்கள் பல. அவற்றை மீண்டும் எடுத்து ஆராய்தல் நம் கடனாகும்.